மீன்தொட்டிக்கு வந்த புதுச்செடி: முதல் ஆறு வாரங்கள்

கடையில் பச்சைப்பசேலென்று நின்ற நீர்ச்செடி வீட்டுத் தொட்டியில் நட்ட பத்தாம் நாள் இலை கரைந்து, தண்டு வழுவழுத்து, துண்டு துண்டாக மிதக்கும். புக்கிட் பாஞ்சாங் வீவக வீடுகளில் மீன் வளர்ப்பவர்கள் பலருக்கும் இது தெரிந்த காட்சிதான். ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் செடிக்கு மாறியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. எறியப்பட்ட செடிகளில் பாதிக்குமேல் உயிரோடுதான் இருந்திருக்கும். இலையை இழந்த செடிக்கு வேரும் குருத்தும் மிச்சமிருந்தால் அது திரும்ப வரும். அதற்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுப்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் செடி நீருக்கு மேலே வளர்ந்ததா, நீருக்குள் வளர்ந்ததா?

பண்ணைகளில் பெரும்பாலான நீர்ச்செடிகளை ஈரமான காற்றில், வேர் மட்டும் நனையும்படி வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் சீக்கிரம் வளரும், பாசி பிடிக்காது, பெட்டியில் அடைத்து அனுப்புவதும் எளிது. ஆனால் காற்றில் விட்ட இலை காற்றுக்கென்றே அமைந்தது. அதன்மேல் மெழுகுப்பூச்சு இருக்கும், காற்றை உள்ளிழுக்கும் துளைகள் இருக்கும். நீருக்குள் அவற்றால் பயன் குறைவு. கரியமிலவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் நீருக்குள் விடும் இலையைச் செடி மெல்லியதாக, மெழுகில்லாமல், இலைப்பரப்பு முழுவதாலும் வாயுவை உறிஞ்சும்படி புதிதாக உருவாக்க வேண்டும். பழைய இலையில் இருக்கும் சத்தை உறிஞ்சித்தான் புது இலைக்குக் கொடுக்கிறது. நம் கண்ணுக்கு அழுகலாகத் தெரிவது பெரும்பாலும் இந்த மாற்றம்தான்.

ரோட்டாலா ரொட்டுண்டிஃபோலியாவை வாங்கினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடையிலிருந்து வந்த தண்டில் இலைகள் வட்டமாக, தடிப்பாக இருக்கும். மூன்றாவது வாரம் நுனியில் வருபவை மெலிந்து நீண்டிருக்கும். ஒரே தண்டில் கீழே ஒரு செடி, மேலே வேறொரு செடி என்று தோன்றும். அந்த மெலிந்த இலைதான் உங்கள் தொட்டிக்குச் சொந்தமான இலை.

2. கடையில் பெரிய இலையைப் பார்த்து மயங்க வேண்டாம். குருத்தையும் வேரையும் பாருங்கள். குருத்து இறுகி, நிறம் கெடாமல் இருக்க வேண்டும். வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது. கறுத்துப்போய், மோந்து பார்த்தால் சாக்கடை வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். சிராங்கூன் நார்த் அவென்யூ 1-இல் வரிசையாக இருக்கும் மீன்கடைகளுக்கோ சுங்கை தெங்காப் பண்ணைப் பக்கமோ போய் வாங்கினால் வீடு திரும்பும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பையில் நீர் நிறைய வேண்டாம். ஈரமான செய்தித்தாளில் சுற்றி, காற்றோடு பையைக் கட்டினால் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

3. தொட்டியில் போடுவதற்கு முன் செடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சிறு பிளாஸ்டிக் கூடையில் வந்த செடியின் வேரைச் சுற்றி மஞ்சள் கலந்த பழுப்பில் பாறைப்பஞ்சு இருக்கும். அதை ஒரு கிண்ண நீரில் அமிழ்த்தி, இடுக்கியால் இழை இழையாகப் பிரித்தெடுங்கள். முழுதும் போகாவிட்டாலும் பரவாயில்லை. வேர் அறுந்துபோகுமளவுக்கு இழுக்க வேண்டாம். கட்டாகக் கட்டிய செடியில் உலோகப் பட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். பட்டை அழுத்திய இடத்தில் தண்டு நசுங்கிக் கறுத்திருக்கும். அந்தப் பகுதியை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கிவிட்டு நடுங்கள். நீண்ட வேரை மூன்று விரற்கடை அளவுக்குக் கத்தரித்தால் நடுவதும் எளிது, புது வேரும் சீக்கிரம் விடும்.

4. நத்தை வேண்டாம் என்றால் படிகாரக் குளியல். தேக்காவில் மளிகைக் கடைகளிலேயே படிகாரம் கிடைக்கும். பொடித்து, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் நன்றாகக் கரைத்து, செடியை அதில் இரண்டு மூன்று மணிநேரம் ஊறவிடுங்கள். பிறகு குழாய்நீரில் பலமுறை அலசுங்கள். நத்தைகள் செத்துவிடும். இலைக்கு அடியில் கூழ்போல ஒட்டியிருக்கும் முட்டைகள் சில தப்பக்கூடும். அவற்றை விரல் நகத்தால் வழித்தெடுப்பதுதான் உறுதியான வழி. இந்தக் குளியலில் மீனோ இறாலோ இருக்கவே கூடாது.

இறால் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பண்ணைச் செடிகளில் பூச்சிமருந்து தெளித்திருக்க வாய்ப்புண்டு. மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவுகூட இறாலைக் கொன்றுவிடும். ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே இறால் தொட்டிக்குள் விடுங்கள்.

5. அந்தத் தனி வாளியை மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான குறிப்பு. ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவு நீர் தேங்கினாலே முட்டையிடப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம். மீனில்லாத, அசையாத, செடி மிதக்கும் வாளி அதற்கு அரண்மனை. வாளியை மூடிபோட்டு வையுங்கள். இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை முழுதும் கொட்டி, வாளியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புது நீர் நிரப்புங்கள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைப்பதைவிடக் கண்ணில் படும்படி சமையலறைப் பக்கம் வைப்பது நல்லது. நம் பொழுதுபோக்கால் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு டெங்கி வரக்கூடாது.

6. ஒருநாள் பிடித்துவைத்த நீர் இங்கே உதவாது.

சென்னையிலோ மதுரையிலோ மீன் வளர்த்துப் பழகிய பெரியவர்கள், “குழாய்த் தண்ணிய ஒரு ராத்திரி வாளியில வச்சிட்டு ஊத்து, குளோரின் போயிடும்” என்பார்கள். அங்கே அது சரி. சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்நீரைக் கிருமிநீக்கம் செய்யக் குளோரமைன் பயன்படுத்துகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த இது நீண்ட குழாய்களிலும் வீரியம் குறையாமல் நிற்பதற்காகவே சேர்க்கப்படுவது. ஓர் இரவில் ஆவியாகிப் போகாது. நம் புக்கிட் பாஞ்சாங்குக்குப் பக்கத்திலேயே செஸ்நட் அவென்யூவில் நீர்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆலைக்கு அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் குழாயைத் திறந்தால் குளோரமைன் இருக்கும்.

ஆகவே நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் குளோரமைனையும் நீக்கும் மருந்துதானா என்று புட்டியில் படித்துப் பார்த்து வாங்கி ஊற்றுங்கள். மருந்து போட்ட பிறகு மிஞ்சும் சிறிதளவு அம்மோனியாவை வளரும் செடிகள் உணவாக எடுத்துக்கொள்ளும். செடியுள்ள தொட்டிக்கு இது ஒரு கூடுதல் பாதுகாப்பு. மற்றபடி நம் குழாய்நீர் பொதுவாகக் கடினநீர் அல்ல. போர்வெல் நீரோடு மல்லாடும் தமிழ்நாட்டு நண்பர்கள் பொறாமைப்படும் அளவுக்கு நீர்ச்செடிகளுக்கு ஏற்றது.

7. எந்தச் செடியை எப்படி நடுவது என்பதில் மூன்று வகைதான்.

தண்டுச் செடிகள்: ரோட்டாலா, லட்விஜியா, ஹைக்ரோஃபிலா, பாகோபா போன்றவை. கட்டைப் பிரித்து ஒவ்வொரு தண்டாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு, கீழ்க் கணுக்கள் இரண்டு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். கட்டாகவே நட்டால் நடுவில் வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் அடித்தண்டு அழுகும்.

வேர்க்கொத்துச் செடிகள்: கிரிப்டோகொரைன், வாலிஸ்னேரியா, அமேசான் வாள்செடி. வேர் முழுதும் மண்ணுக்குள் போகட்டும். இலைகள் கிளம்பும் இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். கொஞ்சம் ஆழமாக நட்டுவிட்டு, இலையைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தால் சரியான மட்டத்துக்கு வரும்.

பாறையிலும் கட்டையிலும் ஒட்டுபவை: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், போர்னியோவின் ஓடைப்பாறைகளிலிருந்து வந்த புசெஃபலாண்ட்ரா. இஞ்சிபோலப் படுத்திருக்கும் இவற்றின் தடித்த தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். இவ்வகைச் செடிகள் வீடுகளில் சாவதற்கு இதுதான் முதல் காரணம். பருத்தி நூலால் கல்லில் கட்டுங்கள். அல்லது கூழ்வடிவ சூப்பர் குளூ ஒரு துளி வைத்து ஒட்டுங்கள். அது நீரில் வெண்மையாக இறுகிவிடும், மீனுக்குத் தீங்கில்லை.

நடும்போது தொட்டியில் நீர் பாதிக்கும் கீழே இருந்தால் கை வசதியாக இருக்கும். ஆனால் வெளியே நிற்கும் இலைகள் மின்விசிறிக் காற்றில் சில நிமிடங்களிலேயே சுருங்கும். தெளிப்பான் புட்டியில் நீர் வைத்துக்கொண்டு அடிக்கடி தெளியுங்கள்.

8. கிரிப்டோகொரைன் கரைந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செடி இது. அதிகமாகக் குப்பைக்குப் போவதும் இதுதான். இடம் மாறினால், நீர் மாறினால், வெப்பம் திடீரென்று ஏறி இறங்கினால் இலைகளை எல்லாம் கைவிட்டுவிடும் இயல்பு இதற்கு உண்டு. முதலில் இலையில் ஒரு புள்ளி கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். மறுநாள் அது ஓட்டையாகும். பிறகு முழு இலையும் வழுவழுத்து, தொட்டால் விரலில் ஒட்டும். ஒரே வாரத்தில் செடி இருந்த இடமே தெரியாமல் போகலாம். அப்போது பிடுங்காதீர்கள். கரைந்த இலையை மட்டும் அடியோடு கத்தரித்து வெளியே எடுங்கள். விட்டால் நீர் கெடும். அடிக்குருத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் ஊசிபோன்ற சுருண்ட இலை மண்ணிலிருந்து கிளம்பும். அந்த நேரத்தில் ‘வேறு இடத்தில் வைத்துப் பார்ப்போமே’ என்று எடுத்து நட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

கடைகளில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகொரைன் வென்டி இலங்கையைத் தாயகமாகக் கொண்டது. தமிழ்நாட்டு வயல்வரப்பு வாய்க்கால்களில் வளரும் உறவுக்காரச் செடியும் உண்டு. இங்கேயோ, டெய்ரி ஃபார்ம் வழியாக நாம் நடந்தே போய்விடக்கூடிய புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில், உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத கிரிப்டோகொரைன் திமாஹென்சிஸ் இருக்கிறது. 2001-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அருகிப்போன அந்தக் கலப்பினம் நம் பேட்டைக்கு அடுத்த காட்டில் வாழ்வது எனக்குப் பெருமையாக இருக்கிறது. காட்டோடையிலிருந்து எந்தச் செடியையும் எடுப்பது சட்டப்படி குற்றம். எடுக்கும் எண்ணமே வேண்டாம். வென்டியை வாங்கிப் பொறுமையாக வளருங்கள்.

9. முதல் மூன்று வாரம் விளக்கு ஆறு மணிநேரம் போதும். வேர் பிடிக்காத செடியால் அவ்வளவு வெளிச்சத்தையும் பயன்படுத்த முடியாது. மிஞ்சுவதைப் பாசி எடுத்துக்கொள்ளும். புது இலை விடத் தொடங்கிய பிறகு ஏழு, எட்டு மணி என்று ஏற்றுங்கள். அதற்குமேல் தேவையில்லை. கையால் போட்டு அணைப்பதை நம்ப வேண்டாம். சாதாரண டைமர் ஒன்றைச் செருகிவிடுங்கள். மாலை வெயில் அடிக்கும் மேற்குப்பக்கச் சன்னலோரம் தொட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள் அல்லது திரை போடுங்கள்.

10. நம் ஊரின் உண்மையான சிக்கல் வெப்பம். குளிர்சாதனம் போடாத வரவேற்பறையில் பகல்நேரம் தொட்டிநீர் 30 பாகையைத் தொடுவது சாதாரணம். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராணவாயு குறையும். செடியின் மூச்சு வேகமாகும். சேமித்த சத்தும் சீக்கிரம் தீரும். புதுச்செடிக்கு அந்தச் சேமிப்புதான் கைமுதல். நீர்ப்பரப்பை நோக்கிக் காற்று வீசும் சிறு விசிறியைத் தொட்டி விளிம்பில் மாட்டினால் இரண்டு மூன்று பாகை குறையும். நீர் வேகமாக வற்றும். குளோரமைன் நீக்கிய நீரால் நிரப்பிக்கொண்டே இருங்கள்.

இரவில் குளிர்சாதனம், பகலில் அனல் என்று மாறி மாறி அடிக்கும் அறை நிலையான 29 பாகையைவிட மோசமானது. தொட்டியைக் குளிர்காற்று நேராகப் படும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். வெப்பம் தாங்கும் செடிகளாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை குறைந்துவிடும்: ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகொரைன் வென்டி, வாலிஸ்னேரியா. இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவும் அப்படியே. சித்த மருந்துக்கு எடுக்கும் நீர்முள்ளிக்கு அது உறவு. நினைவாற்றலுக்கு என்று நம் பாட்டிமார் சொன்ன நீர்ப்பிரம்மியும் மீன்கடையில் பாகோபா மோன்னியெரி என்ற பெயரில் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பண்ணையில் காற்றில் வளர்ந்த பிரம்மி நீருக்குள் வந்தாலும் அதிகம் இலை கொட்டுவதில்லை. தொட்டியில் வளர்ந்ததைப் பறித்து உண்ண வேண்டாம்.

11. நட்ட மறுநாளே உரம் ஊற்றாதீர்கள். சத்துமண் போட்ட தொட்டியென்றால் முதல் ஒரு மாதம் அதிலிருந்தே போதுமானது கசியும். சொல்லப்போனால் அம்மோனியா அதிகமாகக் கசிவதால் முதல் வாரங்களில் அடிக்கடி நீர் மாற்ற வேண்டும், மீன் விடக்கூடாது. வெறும் சரளைக்கல் தொட்டியென்றால் வேர்க்கொத்துச் செடிகளுக்கு அடியில் உரவில்லை ஒன்றைப் புதைக்கலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றுக்கு நீரில் கலக்கும் உரம், புட்டியில் சொன்ன அளவில் பாதி.

இலை சொல்வதைக் கவனித்தால் என்ன குறை என்று தெரியும். அடி இலைகள் மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. அடி இலையில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் பெரும்பாலும் சாம்பல்சத்துக் குறை. நுனியில் வரும் இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் நீருக்குள் பிறந்த புது இலைக்குத்தான். கடையிலிருந்து வந்த பழைய இலை எப்படிப் போனாலும் அதைப் பார்த்து உரம் போடக் கூடாது.

12. கரியமிலவாயு உருளை கட்டாயமில்லை. மேலே சொன்ன எளிய செடிகளுக்கு அது இல்லாமலே நடக்கும். ‘திரவக் கரி’ என்று புட்டியில் விற்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல்: அதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு. அது பாசியைக் கொல்லும். கூடவே வாலிஸ்னேரியாவையும் சில மாஸ் வகைகளையும் கரைத்துவிடும். இடம் மாறித் தத்தளிக்கும் புதுச்செடிக்கு அதை ஊற்றாமல் இருப்பதே மேல்.

13. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பு மாவுபோலப் படிந்தால் அஞ்ச வேண்டாம். புதுத் தொட்டிகளில் வரும் பழுப்புப் பாசி அது. விரலால் தேய்த்தாலே போகும், சில வாரங்களில் தானாகக் குறையும். அழுகும் இலையை உடனுக்குடன் எடுப்பதும், வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவதும் எந்த மருந்தையும்விட நன்றாக வேலை செய்யும். விரைவில் வளரும் தண்டுச் செடிகளைத் தொடக்கத்திலேயே நிறைய நட்டுவிட்டால் பாசிக்குச் சாப்பாடு மிஞ்சாது. மெதுவாக வளரும் செடிகள் நிலைகொண்ட பிறகு அவற்றை எடுத்துவிடலாம்.

14. மூடிய குவளையில் திசு வளர்ப்புச் செடி வாங்கினால் நத்தை, பாசி, பூச்சிமருந்துத் தொல்லை இல்லை. இறால் தொட்டிக்கு அதுவே நல்லது. விலை சில வெள்ளி கூடுதல். வேரில் இருக்கும் கூழை ஓடும் நீரில் முழுதும் கழுவ வேண்டும். மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். குவளையை அப்படியே நடாமல் ஆறேழு சிறு கொத்துகளாகப் பிரித்து நடுங்கள். கிருமியே இல்லாத இடத்திலிருந்து வருவதால் முதல் வாரங்களில் மிகவும் மென்மையாக இருக்கும். தரையைக் கிளறும் மீன்களை அதன் பக்கம் விடாதீர்கள்.

15. கத்தரித்ததைக் கால்வாயில் விடாதீர்கள். செடி பிழைத்து வளர்ந்த பிறகு வரும் பொறுப்பு இது. ஓரிரு கணு உள்ள துண்டு போதும், புதிதாக ஒரு செடியாகிவிடும். தமிழ்நாட்டுக் குளங்களை ஆகாயத்தாமரை என்ன பாடு படுத்துகிறது என்று நமக்குத் தெரியும். மலேசியாவின் பாகாங் மாநிலத்தில் உள்ள சினி ஏரியில் தொட்டிச்செடியான கபோம்பா பரவி, படகுவழிகளையும் இயற்கையான நீர்ச்செடிகளையும் மூடிவிட்டது. நம் பேட்டையின் பாங் சுவா குளத்துக்கும் கால்வாய்க்கும் அந்த நிலை வரக்கூடாது. கத்தரித்த துண்டுகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நல்ல துண்டுகளை வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள். மீனையும் அப்படித்தான், நீர்நிலையில் விடக்கூடாது.

16. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் புறப்படுவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் புதுச்செடி எதுவும் வாங்க வேண்டாம். கிளம்பும் முன் தண்டுச் செடிகளை நன்றாகக் கத்தரித்து, பாதி நீரை மாற்றி, விளக்கை ஐந்து மணிநேரமாகக் குறைத்துவிடுங்கள். உரம் வேண்டாம். விசிறி ஓடுவதாக இருந்தால் நீர்மட்டம் எங்கே வரை இருக்க வேண்டும் என்று கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குளோரமைன் நீக்கி கலந்த நீரைப் புட்டிகளில் மூடிவைத்து, சாவியைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுங்கள். நீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு புட்டி ஊற்றினால் போதும், செடி எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.